வீதிக்குள் வீதி

சமயநல்லூரிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறும் பிள்ளைகளை விடுமுறையில் கையால் புதிர்வழி வரையச் சொல்லலாம். கோபுரத்தின் வெளிக்கோட்டைப் போட்டு உள்ளே கண்டபடி வளைவுகளை நிரப்புவது சோம்பேறி வேலை. கட்டடமே புதிராக வேண்டும். மீனாட்சி கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று வீதிக்குள் வீதி. கிழக்கு வாசலில் செருப்பை விட்டுவிட்டு மேற்கு வாசலில் வந்து விழிப்பவர்கள் இன்றும் உண்டு. வெளிவீதிப் பக்கம் இருந்த நாயக்கர் கோட்டையை 19ஆம் நூற்றாண்டில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்தார், அகழியையும் தூர்த்தார். (நகரம் பெருத்துவிட்டது, வேறு வழியில்லை.) பென்சிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, மதிலைத் திரும்ப எழுப்பலாம். நுழைவுக்குப் பாண்டியர் கோட்டையில் மிஞ்சிய விட்டவாசல் இருக்கிறதே.