சீனியாரிட்டி செடி

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்குப் போகிறவரா? அங்கே கம்பெனி வாசல் புல்வெளிகளில் நட்டிருக்கும் அந்தக் குட்டைச் செடியைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் வட்டமாக, விறைப்பாக இலைகள். தொட்டால் குத்தும். நர்சரியில் கேட்டால் 'சேகோ பாம் ஸார்' என்பார்கள். பாம் என்று பெயர்தான்; பனைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது சைகஸ். பூக்காத ஜாதி. பைன் மரத்துக்குத் தூரத்துச் சொந்தம்.

வாங்குமுன் ஒரு சிற்றிலையைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரே நரம்பு ஓடினால் சைகஸ். நடுநரம்பே இல்லாமல் அட்டை மாதிரித் தடித்திருந்தால் அது மெக்ஸிகோவின் சேமியா. சைகஸிலும், ஓரம் கீழ்ப்பக்கம் சுருண்டிருந்தால் ஜப்பான் சரக்கு: ரெவல்யூட்டா. இலை நீளமாக, ஓரம் தட்டையாக இருந்தால் நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை சர்சினாலிஸாக இருக்கலாம். நாட்டு மருந்துக் கடையில் 'மதனகாமப்பூ' என்று விற்பது பூவே அல்ல, இதன் ஆண் கூம்பு. (நமுட்டுச் சிரிப்பு வேண்டாம். வெட்டி வெட்டியே காட்டில் இந்த இனம் அருகிவிட்டது.)

வளர்ப்பது சுலபம். நல்ல வெயில், மணல் கலந்த மண், அடியில் ஓட்டையுள்ள தொட்டி. மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். பாசத்தில் தினம் ஊற்றினால் தண்டு அழுகிவிடும். பி.காம். பாஷையில் சொன்னால், வருஷத்துக்கு ஒரே ஒரு இன்க்ரிமென்ட்: ஒரு கொத்துப் புது இலை. அவ்வளவுதான்.

ஒரு விஷயம் மட்டும் விளையாட்டில்லை. செடி முழுக்க விஷம், விதையில் அதிகம். கடித்த நாய்க்கு ஈரல் கெட்டு உயிரே போகும். தவழும் குழந்தை இருக்கிற வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

இன்னொரு சங்கதி. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரப் பாறைகளில் சைகஸ் சாயலில் இலை வைத்த செடிகளின் அச்சு பதிந்திருக்கிறது. டைலோஃபில்லம் என்று பெயர். வயசு 10 கோடி வருஷத்துக்கும் மேல். புவியியல் ஆய்வுத் துறைக்காக ஃபைஸ்ட்மான்டல் என்பவர் 1879-லேயே இந்த வட்டாரப் புதைபடிவங்களை விவரித்து எழுதியிருக்கிறார். அந்த வம்சம் பூண்டோடு போய்விட்டது. அதே மண்ணில் 2006-ல் உற்பத்தி ஆரம்பித்த நோக்கியா ஆலை 2014-ல் நின்றுபோனது. 'பர்மனென்ட்' என்ற வார்த்தையை இங்கே ஜாக்கிரதையாகத்தான் உபயோகிக்க வேண்டும்.

ஆகவே, கான்ட்ராக்ட்டில் இருக்கும் தம்பிகளுக்கு ஒரு யோசனை: தரையில் நடாதீர்கள், தொட்டியில் வையுங்கள். ரூம் மாறும்போது கூடவே வரும். அவசரப்படாத ஜாதி, நீங்கள் பர்மனென்ட் ஆகும் வரை காத்திருக்கும்.