கழுத்து ஜவ்வும் நெஞ்சுப் படபடப்பும்



செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரையில் எந்த ஊரிலாவது ஒருவருக்கு ஓயாமல் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டால், "கழுத்து ஜவ்வு விலகியிருக்கும்" என்று தீர்ப்புச் சொல்ல ஆள் பஞ்சமே இல்லை. முன்னே பேய் என்றார்கள், கண்ணேறு என்றார்கள், சனி பிடித்தது என்றார்கள். இப்பொழுது டிஸ்க் என்கிறார்கள். பேய் போய் டிஸ்க் வந்தது பகுத்தறிவின் வெற்றிதானே என்று சிலர் மகிழலாம். காரணம் கேளாமல் நம்புகிறவனுக்குப் பேயும் ஒன்றுதான், டிஸ்க்கும் ஒன்றுதான்.

இருதயத்தின் சங்கதி என்ன? அதன் வலப்புற மேலறையில் உள்ள ஒரு சிறு முடிச்சே துடிப்பை உண்டாக்குகிறது. வளர்ந்தவர்களுக்கு ஓய்வில் நிமிஷத்திற்கு 60 முதல் 100 வரை துடிப்பது வழக்கம். அதை மெதுவாக்கும் நரம்பு மண்டையோட்டின் அடியிலிருந்து புறப்பட்டு, கழுத்தின் பெரிய இரத்தக் குழாயோடு சேர்ந்து இறங்குகிறது. அது ஜவ்வுகளின் நடுவே வருவதில்லை. வேகப்படுத்தும் நரம்புகளோ முதுகின் மேற்பாகத்தில் தண்டுவடத்தை விட்டு வெளியேறுகின்றன. கழுத்து ஜவ்வு பிதுங்கினால் நசுங்குவது கைக்குப் போகும் நரம்பு. ஆகவே கை வலிக்கும், மரத்துப் போகும், பிடி தளரும். தண்டுவடமே பலமாக நசுங்கினால் நடை தடுமாறும். விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டவர்களுக்குக் கூட இருதயம் பெரும்பாலும் மெதுவாகிறதே ஒழிய ஓட்டமெடுப்பதில்லை.

வலி மிகுந்தால் துடிப்புக் கூடாதா என்றால், கூடும். வலி தணிந்தால் அதுவும் தணியும். கழுத்துக்குச் சிகிச்சை செய்தபின் படபடப்பு நின்றவர்கள் உண்டென்று சில வைத்தியர்கள் எழுதியதும் உண்மையே. ஆனால் அது இன்னும் ருசுவாகாத அபிப்பிராயம். வேறு காரணம் எதுவும் இல்லையென்று சோதித்துத் தீர்ந்த பிறகு கடைசியாகப் பேச வேண்டியதை முதலிலேயே பேசுவதுதான் புரட்டு.

"படத்தில் தெரிகிறதே!" என்பார்கள். ஜப்பானில் யாதொரு கழுத்து உபாதையும் இல்லாத 1,211 பேரைப் படம் பிடித்துப் பார்த்து 2015-இல் வெளியிட்டார்கள். அவர்களில் 100-க்கு 87 பேருக்கு மேல் ஜவ்வு பிதுங்கியே இருந்தது. மாமல்லபுரத்தில் நாள் முழுவதும் தலை குனிந்து கல் செதுக்கும் சிற்பத் தொழிலாளியைப் படம் பிடித்தால் தேய்மானம் தெரியாமலா போகும்? அவருக்கே தைராய்டு மிகுந்து நெஞ்சு துடித்தால், படத்தைக் காட்டிப் பழியைக் கழுத்தின்மேல் போட்டுவிடுவது எவ்வளவு சுலபம்! திருக்கழுக்குன்றத்தில் சோறு வைத்தார்கள், கழுகு வந்தது. உடனே ரிஷிகள் காசியிலிருந்து வந்தார்கள் என்று சொல்லிவிட்டார்கள். சோறு கண்ணில் பட்டது; ரிஷியை யார் கண்டது? அதே கணக்குத்தான் இதுவும்.

இந்த வித்தைக்கு அமெரிக்காவிலும் ஒரு ஸ்தல புராணம் உண்டு. 1895-இல் டேவன்போர்ட் நகரில் பால்மர் என்பவர், செவிடர் ஒருவரின் முதுகெலும்பைத் தட்டிக் காது கேட்க வைத்ததாகச் சொன்னார். அடுத்தபடி ஓர் இருதய நோயாளியையும் எலும்பை நகர்த்தியே குணமாக்கியதாகச் சொன்னார். இந்த ஞானம் செத்துப்போன ஒரு வைத்தியரின் ஆவியிடமிருந்து தமக்குக் கிடைத்ததென்று அவரே எழுதினார். அனுமதியின்றி வைத்தியம் செய்ததற்காக 1906-இல் சிறைக்கும் போனார். இன்று கழுத்தை "சடக்" என்று முறிப்பவர்களின் கோத்திரம் இதுதான். அப்படி முறிப்பதில், அபூர்வமாகவேனும், கழுத்து இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வந்தவர்கள் உண்டு.

நஷ்டம் காசோடு போனாலும் போகட்டும். காலமல்லவா போகிறது! ஓயாத படபடப்புக்கு இரத்தச் சோகை, தைராய்டு மிகுதி, காய்ச்சல், நீர் வற்றல், ஆஸ்துமா மருந்து, புகையிலை, மனக் கலவரம், இருதயத்தின் மின் ஓட்டக் கோளாறு என்று எத்தனையோ காரணங்கள் உண்டு. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் நமது தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் பாதிப் பேருக்கு மேல் இரத்தச் சோகை காணப்பட்டது. அவர்களுக்கு வேண்டியது கழுத்துப் பட்டையா, இரும்புச் சத்தா? வாரக்கணக்கில் வேகமாகவே ஓடும் இருதயம் தானே பலவீனப்பட்டு வீங்குவதும் உண்டு. தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்தில் இரத்தம் உறைந்து மூளைக்கு ஏறுவதும் உண்டு. "ஜவ்வுதான்" என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு கிடப்பவர் இழப்பது இந்தக் காலத்தைத்தான்.

ஆகவே மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிஷத் துடிப்பை நீங்களே எண்ணிப் பாருங்கள். ஓய்விலும் 100-க்கு மேலாகவே நின்றால், ஈ.சி.ஜி., இரத்தச் சோதனை, தைராய்டுச் சோதனை ஆகியவற்றைக் கேளுங்கள். செங்கற்பட்டில் 1965 முதல் அரசாங்க வைத்தியக் கல்லூரி இருக்கிறது. மயக்கம், மூச்சுத் திணறல், மார்வலி சேர்ந்தால் ஒரு நொடியும் தாமதிக்க வேண்டாம்.

1929 பிப்ரவரியில் இதே செங்கற்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாநாட்டில் தோழர்கள் தங்கள் ஜாதிப் பட்டத்தைத் துறந்தார்கள். பெயருக்குப் பின்னால் உள்ள வால் பெரியவனாக்கும் என்பதை அன்று நாம் ஒப்பவில்லை. வியாதிக்கு இங்கிலீஷில் பெயர் சொல்லிவிட்டால் காரணம் சொன்னதாகும் என்பதை மட்டும் இன்று ஒப்பலாமா? சமஸ்கிருத மந்திரத்திற்கு அர்த்தம் கேட்டவர்கள் நாம். டிஸ்க் மந்திரத்திற்கும் அர்த்தம் கேட்போம். "எப்படி?" என்று கேட்டால் கோபிக்கிறவர் வைத்தியரல்ல, அவரும் ஒரு புரோகிதரே!