பிசகு கையிலா, துப்பாக்கியிலா?

துப்பாக்கி என்றதும் பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள், சகோதரிகளே! இது சண்டைக் கதை அல்ல. ஒரு பழைய துப்பாக்கி நேராகச் சுடுகிறதா, கோணலாகச் சுடுகிறதா என்று கண்டுபிடிக்கும் சமாசாரம். அதில் பெண் குலத்துக்குப் பெருமை தரும் விஷயம் ஒன்றும் இருக்கிறது.

லீ என்ஃபீல்டு என்ற பெயர் தெரியாவிட்டாலும், ‘த்ரீ நாட் த்ரீ’ என்றால் உங்களுக்குத் தெரிந்துவிடும். நம் நாட்டுப் போலீஸ்காரர்கள் நெடுங்காலம் தோளில் சுமந்த துப்பாக்கி அது. இரண்டு உலக யுத்தங்களைப் பார்த்தது. வங்காளத்தில் ஈஷாப்பூர் தொழிற்சாலையிலும் அதைச் செய்தார்கள். கதவுத் தாழ்ப்பாளைப் போன்ற கம்பியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளினால்தான் அடுத்த தோட்டா உள்ளே போகும்.

இதைச் சோதிக்க ஒரு குண்டு போதாது. துப்பாக்கியை அசையாமல் தாங்க வைத்து, ஒரே குறியை நோக்கி ஐந்தோ பத்தோ சுட வேண்டும். துளைகள் நடுப்புள்ளியை விட்டு விலகியிருந்தாலும், ஓரிடத்திலேயே கூடியிருந்தால் கவலை இல்லை. தினமும் ஐந்து நிமிஷம் பிந்தி ஓடும் கடிகாரத்தைத் திருத்திவிடலாம் அல்லவா? அதுபோல் குறி பார்க்கும் முனையைச் சற்று நகர்த்தினால் சரியாகிவிடும். மூலைக்கு ஒன்றாகச் சிதறினால்தான் தொல்லை. குழாய் தேய்ந்திருக்கலாம், கட்டை தளர்ந்திருக்கலாம், சுடுகிறவர் கை நடுங்கியும் இருக்கலாம்.

கையைச் சந்தேகப்படாமல் துப்பாக்கியை மட்டும் சோதிக்க வழி உண்டா? உண்டு. 1860-ஆம் வருஷம் லண்டனை அடுத்த விம்பிள்டனில் நடந்த துப்பாக்கிப் போட்டியை விக்டோரியா மகாராணிதான் சுட்டு ஆரம்பித்து வைத்தார். விட்வொர்த் துப்பாக்கி ஒன்றை முன்கூட்டியே குறி பார்த்து, இயந்திரப் பீடத்தில் பொருத்தியிருந்தார்கள். ராணி பட்டுக் கயிற்றை இழுத்ததோடு சரி. 400 கெஜத்துக்கு அப்பால் இருந்த குறியில், நடுவிலிருந்து ஒன்றேகால் அங்குலத்தில் குண்டு பாய்ந்தது. அந்தப் பெருமை துப்பாக்கிக்கும் அதைப் பொருத்தியவருக்குமே சேரும்.

மனிதக் கையின் பரீட்சை 1,000 கெஜத்தில் நடக்கிறது. நூற்றுப் பதினொரு ஒன்பது கெஜப் புடைவைகளை நீளவாக்கில் விரித்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரம்! 100 கெஜத்தில் மூன்று அங்குலப் பிசகு, இங்கே இரண்டரை அடியாகிவிடும். குண்டு போய்ச் சேர ஏறத்தாழ இரண்டு வினாடி ஆகும். அதற்குள் முப்பது அடிக்கு மேல் தாழ்ந்துவிடும். ஆகையால் அதற்கேற்ப உயர்த்திக் குறி வைக்க வேண்டும். இளங்காற்று வீசினாலும் சில அடி விலகும். எத்தனை விலகும் என்பதை எந்த இரும்பும் சொல்லாது. கொடி அசைவதைப் பார்த்து மனிதர்தான் கணக்கிட வேண்டும்.

இங்கிலாந்தில் பிஸ்லி மைதானத்தில் நடக்கும் மன்னர் பரிசுப் போட்டியின் கடைசிக் கட்டம் அந்தத் தூரத்தில்தான். 1930-இல் அங்கே மார்ஜரி ஃபாஸ்டர் என்ற பெண்மணி வந்து படுத்துக் குறி பார்த்தார். கோழிப் பண்ணை நடத்தியவர். சுற்றிலும் இருந்தவர்கள் ஆண்கள். ராணுவ வீரர்களும் உண்டு. எல்லார் கையிலும் ராணுவ மாதிரித் துப்பாக்கிதான். முடிவில் மார்ஜரிக்கு 280 புள்ளி. அடுத்து வந்த ராணுவ லெப்டினன்டுக்கு 279. அந்தப் பரிசை வென்ற முதல் பெண் அவரே. இன்னொரு பெண் அதை வெல்ல 2000-ஆம் வருஷம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ராணிக்குக் கிடைத்த இயந்திரப் பீடம் மார்ஜரிக்குக் கிடைக்கவில்லை. தோளும் முழங்கையும் மூச்சடக்கமுமே அவருக்குப் பீடம். துப்பாக்கி எத்தனை உயர்ந்ததானாலும், கடைசி ஒரு புள்ளியைச் சம்பாதித்துத் தருவது கைதான். அந்தக் கை வளையல் போட்ட கையாகவும் இருக்கலாம் என்பதை மட்டும் ஆண்பிள்ளைகள் நினைவில் வைத்துக்கொண்டால் சரி!