இரண்டு அவசரங்கள்

வைகாசிக் கருட சேவைக்காக ஊருக்கு வந்திருந்த நம் பழைய மாணாக்கர் ஒருவர், சேவைக்கு மறுநாள் நம் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். ஸ்பெயின் தேசத்தின் தலைநகரான மாட்ரிட்டில் அவருக்கு உத்தியோகம். அங்கே போய் இரண்டு வருஷம் ஆகிறது. "அப்படியானால் ஸ்பானிஷ் பாஷையில் இதற்குள் பிரசங்கமே செய்வாயே, அப்பா!" என்றோம்.

அவர் முகம் சுருங்கிற்று. "இல்லை, ஸார். அந்த ஊரிலேயே போய் இருந்தால் பாஷை தானாக வந்துவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள். இருந்து பார்த்தாயிற்று, வந்தபாடில்லை. காரியாலயத்தில் இங்கிலீஷ். ஜாகையில் நம்மவர்கள் மூன்று பேர், அங்கே தமிழ். கடையில் சாமானை நீட்டினால் விலை எழுத்தில் தெரிகிறது. வாயைத் திறக்க வேண்டிய இடமே இல்லை" என்றார்.

அவருக்கு ஏதோ ஆறுதல் சொல்லி அனுப்பினோமே தவிர, நம் மனம் குறுகுறுத்தது. நாம் காஞ்சீபுரத்துக்கு உத்தியோகமாக வந்து இருபது வருஷம் ஆகிறது. பட்டு நெய்யும் இந்த ஊரில், தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட செங்குந்தர்களோடு தெலுங்கு பேசும் பத்மசாலியர்களும், தெலுங்கோ கன்னடமோ பேசும் தேவாங்கர்களும் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்கிறார்கள். நம் வீட்டுக் கொல்லைக்கு அடுத்த தெருவில் காலையில் கேட்கும் முதல் குரலே தெலுங்குதான். இருபது வருஷத்தில் நாம் கற்ற தெலுங்குச் சொற்கள் பத்து இருக்கலாம். அவற்றிலும் பாதி, பிறர் சண்டையில் காதில் விழுந்தவை!

அதே தெருவில் ஒரு தறி வீட்டுக்குத் திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து இளைஞர் ஒருவர் உதவி நெசவுக்கு வந்தார். வந்தபோது அவருக்குத் தெலுங்கு ஓர் எழுத்தும் தெரியாது. ஆறு மாதத்தில் அந்த வீட்டுக் குழந்தைகளுக்குத் தெலுங்கில் கதை சொன்னார். அவர் இருந்த தெருவில்தான் நாமும் இருந்தோம். வித்தியாசம் என்ன என்று அறிய ஒரு நாள் தறி அருகில் போய் உட்கார்ந்து பார்த்தோம்.

காஞ்சீபுரத்துக் கோர்வைச் சேலைக்கு உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். ஆகவே உடலுக்கு ஒரு நாடாவும் இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடாக்களுமாக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. நெசவாளர் ஒருவரே மூன்றையும் ஓட்டுவது கடினம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் ஒரு கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். ஒவ்வோர் இழைக்கும் இந்த ஒத்துழைப்பு உண்டு. பெரியவர் 'லாகு' என்றால் இழுக்க வேண்டும். 'ஆகு' என்றால் நிறுத்த வேண்டும். 'தெகிந்தி' என்றால் எங்கோ இழை அறுந்துவிட்டது, தேட வேண்டும். 'ஆகு' என்ற சொல்லை நம் தமிழ் இலக்கணப்படி அர்த்தம் பண்ணிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் நெசவு கெட்டுவிடும். சொல் பிறந்த கணத்தில் கை அதற்குப் பதில் சொல்ல வேண்டும். தவறினால் பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே இழையைப் பிரித்து விடுகிறார். நாடா மறுபடி ஓடுகிறது. அவ்வளவுதான். தவறு அங்கே யார் பேரிலும் எழுதி வைக்கப்படுவதில்லை.

நமக்கும் ஒரு பாடம் கிடைத்தது. தர்மவரத்திலிருந்து பெண்ணோடு வந்து தங்கியிருந்த ஒரு பாட்டியம்மாளுக்கு பாங்கிப் படிவம் ஒன்றைப் பூர்த்தி செய்து தருவதாகச் சொன்னோம். "அவசரம் லேது" என்றார். அவசரம் இல்லையாக்கும் என்று மறுநாள் போனோம். "அவசரம் லேது." மூன்றாம் நாளும் போய் நின்றோம். பேரன் விழுந்து விழுந்து சிரித்தான்: "ஸார், தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. 'வேண்டாம்' என்கிறார் பாட்டி!"

வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல்லை இனி இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டோம். யோசித்தால் விஷயம் முழுவதும் அதற்குள்ளேயே இருக்கிறது. பாஷை கற்பதற்குத் தமிழ் அவசரம் உதவாது; தெலுங்கு அவசரந்தான் வேண்டும்.

1706-ஆம் வருஷம் ஜூலை 9-ஆம் தேதி தரங்கம்பாடியில் கப்பலிலிருந்து இறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானியப் பாதிரியாருக்கு அப்போது 24 வயதுகூட நிரம்பவில்லை. தமிழ் கற்பதற்குத் தக்க இலக்கணமோ அகராதியோ அவர் கையில் இல்லை. அவர் ஒரு முதிய திண்ணைப் பள்ளி உபாத்தியாயரைப் பிடித்து, பிள்ளைகளோடு பள்ளிக்கூடத்தையே தம் வீட்டில் வந்து நடத்தச் சொன்னார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுத, அவரும் அவர்களோடு தரையில் உட்கார்ந்து எழுதினார். 1715-இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு தரங்கம்பாடியில் அச்சாகி முடிந்தது. மறு வருஷம் அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் ஜெர்மனியில் வெளியாயிற்று. மதப் பிரசாரத்துக்காகவே அவர் வந்தார் என்பது வாஸ்தவம். ஆனாலும் படித்த மனிதர் ஒருவர் குழந்தைகள் நடுவே குழந்தையாக உட்காரத் துணிந்தார் என்பதையும் மறுக்க முடியாது.

நம் மாணாக்கர் விடைபெற வந்தபோது இந்தக் கதையைச் சொன்னோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஸார். வாய் திறக்க இடம் இல்லாமலில்லை, பயம். ரொட்டிக் கடையில் நிற்கும்போது மனசுக்குள் ஒரு வாக்கியம் கட்டுவேன். அந்தப் பாஷையில் 'இரு' என்பதற்கே இரண்டு வினைச்சொற்கள். எது சரி என்று யோசிப்பதற்குள் பின்னால் இருப்பவர் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அப்போதெல்லாம் உங்கள் சிவப்பு மைதான் ஞாபகத்துக்கு வரும்" என்று சிரித்தார்.

நமக்குச் சிரிப்பு வரவில்லை. எத்தனை வருஷமாக எத்தனை நோட்டுப் புஸ்தகங்களில் எத்தனை சிவப்புக் கோடுகள்! பிழையைத் திருத்துவது உபாத்தியாயரின் கடமை, அதில் சந்தேகமில்லை. தறிக்காரரும் திருத்தத்தான் செய்கிறார். ஆனால் அவர் திருத்திய உடனே நாடாவை மறுபடி கையில் கொடுக்கிறார். நாமோ கோட்டைப் போட்டு, மார்க்கைக் குறைத்து, புஸ்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டோம். பத்து வருஷம் இங்கிலீஷ் படித்த பிள்ளை, வழிப்போக்கரிடம் நாலு வார்த்தை பேசக் கூசுகிறான் என்றால் கூச்சத்தையும் சேர்த்துக் கற்பித்தது யார்?

தேசம் ஒன்று என்று மேடையில் பேசுகிறோம். கொல்லைக்கு அடுத்த தெருவின் பாஷையில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்கத் தெரியாமல் இருக்கிறோம். இந்த வருஷம் முதல் வெள்ளிக்கிழமைக் கடைசி மணியில் நம் வகுப்பில் பேனாவுக்கு விடுமுறை. வீட்டில் தெலுங்கு பேசும் பிள்ளைகள் அன்று உபாத்தியாயர்கள். கத்தரிக்காய் வாங்குவது, வழி கேட்பது, விருந்தினரை உட்காரச் சொல்வது இவையே பாடம். நாம் பெஞ்சில் உட்காருகிறோம். வகுப்பிலேயே மந்தமான மாணாக்கன் நாம்தான் என்பதைப் பிள்ளைகள் மிகுந்த சந்தோஷத்துடன் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

போன வாரம் மாட்ரிட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நம் மாணாக்கர் ஜாகை மாறி, ஸ்பானிஷ் குடும்பம் ஒன்றின் வீட்டில் ஓர் அறை எடுத்துக்கொண்டிருக்கிறாராம். மேலே இரண்டு வரி தமிழ். கீழே ஒரு பக்கம் முழுவதும் ஸ்பானிஷ். அதில் எத்தனை பிழைகள் இருக்கின்றன என்று பார்க்க நமக்குத் தெரியாது. அது நல்லதாகப் போயிற்று.