ஆடியில் கேபினெட்டைத் திறப்போம்

ஆடி பிறந்தால் கல்யாண வீடியோக்காரர்களுக்குக் கை ஓயும். சபாக்களிலும் கோகுலாஷ்டமிக் கச்சேரிகள் தொடங்கும்வரை கொஞ்சம் மூச்சு விடலாம். மயிலாப்பூரிலும் தி.நகரிலும் அடையாறிலும் வீட்டில் ஓர் அறையை ஒதுக்கி ஸ்டுடியோ நடத்தும் நம்மில் பலருக்கு, கம்ப்யூட்டரைப் பயமில்லாமல் பிரித்துப் போட ஆண்டில் கிடைக்கும் மாதம் இது ஒன்றுதான். ஆவணி வந்தால் முகூர்த்தம், ஐப்பசி வந்தால் சீசன் புக்கிங். மார்கழியில் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பவருக்கு நல்ல கதி கிடையாது.

இந்த ஆடிக்குக் கூடுதலாக ஒரு கெடு உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ல் நிறுத்திவிட்டது. தனிநபர்களுக்கென்று அறிவித்த கூடுதல் பாதுகாப்பு அப்டேட்டுகள் 2026 அக்டோபர் 13 வரைதான். அதாவது அடுத்த சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே அந்தக் கதவும் மூடுகிறது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் ஏறக்குறைய 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. நம் அறைகளில் ஓடிக்கொண்டிருக்கும் ஐ5-4460, ஐ7-4790 எல்லாம் வாசலிலேயே நிற்கும்.

சரி, புதிதாகவே வாங்கிவிடலாம் என்றால் காலம் சரியில்லை. செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்கு நினைவக சிப்புகள் மொத்தமாகப் போக, 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிய ஏற்றம் எல்லாருக்கும் தெரியும். க்ரூஷியல் என்ற பெயரில் சில்லறையில் ரேமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த மைக்ரான், அந்த வியாபாரத்தையே விட்டு விலகுவதாக டிசம்பரில் அறிவித்தது. ஆகவே இருப்பதை வைத்து எவ்வளவு தூரம் போகலாம் என்ற கணக்கு இந்த வருடம் சிக்கனம் பிடிப்பவருக்கு மட்டுமானதில்லை.

இந்தக் கணக்கில் நம்மவர்கள் இடறும் இடம் ஒன்று உண்டு. ரிச்சி தெருவுக்குப் போய் “எதை மாற்றினால் வேகமாகும்?” என்று கேட்கிறோம். கடைக்காரர் கையில் இருப்பதைச் சொல்வார். அது அவர் தொழில். மெஷின் என்ன வேலை செய்யப்போகிறது என்பதை நாம் முடிவு செய்யாமல் போனால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. என் கட்சி இது: பழைய டெஸ்க்டாப்பை ஒலிக்குக் கொடுத்துவிடுங்கள், படத்தை அதன் தலையில் கட்டாதீர்கள்.

இரண்டும் ஒரே பெட்டிக்குள் வந்து சேர்ந்தது அண்மையில்தான். 2020 மார்கழியில் கச்சேரிகள் இணையத்துக்குப் போயின. மியூசிக் அகாடமி தன் விழாவை ஆன்லைனில் நடத்தியது; நகர சபாக்கள் ஒன்றுகூடி ‘யுவர்ஸ் ட்ரூலி மார்கழி’ என்று கலாகேந்திரா தளத்தில் ஒளிபரப்பின. அதுவரை இரண்டு டிராக்கில் பதிவு செய்து சிடி போட்டுக்கொடுத்தவரிடம் மூன்று கேமராப் படத்தை வெட்டித் தரச் சொன்னார்கள். தொற்று போயிற்று, வேலை போகவில்லை. ஒலிக்காக 2014-ல் சேர்த்த மெஷின்தான் இன்றும் 4கே டைம்லைனை இழுத்துக்கொண்டு திணறுகிறது.

ஒலிக்கு என்ன தேவை என்று எண்ணிப் பார்ப்போம். ஒரு கச்சேரி: பாட்டுக்கு ஒரு மைக், வயலினுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு வலந்தலை, தொப்பி என்று இரண்டு, கடத்துக்கு ஒன்று, தம்புராவுக்கு ஒன்று, அரங்கத்துக்கு ஒரு ஜோடி. எட்டு டிராக். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றால் ஒரு டிராக்குக்கு வினாடிக்கு 144 கிலோபைட். எட்டும் சேர்ந்து 1.15 மெகாபைட். இரண்டரை மணி நேரக் கச்சேரி பத்தரை ஜிபிக்குள் அடங்கிவிடும். நூறு மெகாபைட் வேகத்தில் எழுதும் பழைய ஹார்ட் டிஸ்க்குக்கே இது தூசு. பதிவின்போது க்ளிக் சத்தம் விழுகிறதென்றால் ப்ராசஸரைச் சந்தேகிக்கும் முன் பஃபரைப் பாருங்கள். 128 சாம்பிளில் வைத்தால் தாமதம் 2.7 மில்லி வினாடி, 1024-ல் 21. மேடைக் கச்சேரியில் கம்ப்யூட்டர் வழியே திரும்பக் கேட்டுப் பாடுபவர் எவருமில்லை. பிறகு ஏன் 128-ல் வைத்து மெஷினை வாட்ட வேண்டும்? டப்பிங்குக்கும் ஓவர்டப்புக்கும் மட்டும் குறைத்துக்கொண்டால் போதும்.

அப்படியும் க்ளிக் வந்தால் குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஒரு டிரைவர். லேட்டன்சிமான் என்ற இலவசக் கருவியைப் பத்து நிமிடம் ஓட்டினால் காட்டிக்கொடுத்துவிடும். பல மெஷின்களில் அது வைஃபை கார்டாக இருக்கும். பதிவு முடியும்வரை டிவைஸ் மேனேஜரில் அதை அணைத்துவையுங்கள். பவர் பிளானை ‘ஹை பெர்ஃபார்மன்ஸ்’ ஆக்குங்கள். காசு செலவில்லாத அப்கிரேடு.

காசு செலவழிக்க வேண்டிய முதல் இடம் எஸ்எஸ்டி. மெஷின் திறப்பதிலும், சாம்பிள் லைப்ரரி ஏறுவதிலும், பெரிய செஷன் மூடித் திறப்பதிலும் வித்தியாசம் அன்றே தெரியும். ஆனால் மாட்டும்போது போர்டைக் கொஞ்சம் குனிந்து பார்க்க வேண்டும். நம் ஊரில் ஆயிரக்கணக்கில் விற்ற எச்81 வகை போர்டுகளில் நான்கு சாட்டா முனைகள் இருக்கும். இரண்டுதான் முழு வேகம், மற்ற இரண்டும் அதில் பாதி. டிவிடி டிரைவ் முழு வேக முனையில் சொகுசாக உட்கார்ந்திருக்க, புது எஸ்எஸ்டி பாதி வேக முனையில் தொங்குவதைப் பார்க்கலாம். அதே போர்டில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்தான், உச்சம் 16 ஜிபி. ஒலிக்கு அது போதும். டிடிஆர்3 செகண்ட் ஹேண்டில் கிடைக்கிறது. இரண்டும் ஒரே ஜோடியாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்தது யாரும் பேசாத விஷயம்: கரண்ட்டும் கடற்காற்றும். பெசன்ட் நகர், சாந்தோம், திருவான்மியூர் பக்கம் ஐந்து வருடம் ஓடிய கேபினெட்டைத் திறந்தால் ஸ்க்ரூ தலைகளில் துரு தெரியும். ரேமின் தங்க முனைகளில் மங்கலான படலம் இருக்கும். வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து மறுபடி மாட்டினாலே ‘நீலத் திரை’ பாதி குறையும். ப்ராசஸர் மேல் காய்ந்து பொடியாகிப்போன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் போட்டால் ஃபேன் அடங்கும். மைக் இருக்கும் அறையிலேயே கம்ப்யூட்டரும் இருக்கிற நமக்கு ஃபேன் சத்தம் சின்ன விஷயமில்லை.

எஸ்எம்பிஎஸ் பற்றி ஒரு வார்த்தை. கேபினெட்டோடு இலவசமாக வந்த ‘450 வாட்’ பெட்டி எட்டு, பத்து வருடமாகச் சென்னை வெயிலில் வெந்திருக்கும். உள்ளே கெப்பாசிட்டர் உப்பியிருந்தால் புது எஸ்எஸ்டி, புது கார்டு எல்லாவற்றையும் அதுவே ஒருநாள் சாப்பிட்டுவிடும். வேறு எதையும் மாற்றாவிட்டாலும் இதை மாற்றுங்கள்.

மயிலாப்பூரின் பழைய வீடுகளில் இன்னொரு வேடிக்கை: மூன்று முனை ப்ளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் எர்த் இருக்காது. கேபினெட்டின் பின்பக்கத்தைத் தொட்டால் சுருக்கென்று ஒரு கடி. அந்தக் கடிதான் பதிவில் ‘ம்’ என்று இரைவது. ஆயிரக்கணக்கில் கொடுத்து புது இன்டர்ஃபேஸ் வாங்கியும் இரைச்சல் போகவில்லை என்று புலம்புபவர்கள், முதலில் ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் சோதிக்க வேண்டும். இன்டர்ஃபேஸ், கம்ப்யூட்டர், ஸ்பீக்கர் மூன்றும் ஒரே போர்டிலிருந்து கரண்ட் எடுக்கட்டும்.

இனி படம். இங்கே மெஷினின் வயதைவிடக் கேமராவின் ஃபார்மட்தான் தலையெழுத்தை நிர்ணயிக்கிறது. 8 பிட் எச்.264 என்றால் 4-ஆம் தலைமுறை இன்டெல்லின் உள் கிராஃபிக்ஸே வன்பொருளில் பிரித்துக் காட்டிவிடும். 10 பிட் எச்.265, 4:2:0 என்றால் 7-ஆம் தலைமுறை வேண்டும். அதே எச்.265-ல் 4:2:2 வந்தால் டெஸ்க்டாப்பில் 11-ஆம் தலைமுறை, அல்லது ஆர்க் கார்டு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 50 வரிசைக்கு முந்தைய எந்தக் கார்டும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், இந்த ஒரு வேலையைச் செய்யாது. பழைய போர்டில் ஆர்க் கார்டைப் போட நினைப்பவர்கள் ‘ரீசைஸபிள் பார்’ வசதி பயாஸில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்கட்டும். அது இல்லாமல் அந்தக் கார்டு முழு பலத்தில் ஓடாது.

இன்னும் இரண்டு பொறி. இன்டெல் ப்ராசஸர் பெயர் ‘எஃப்’ என்று முடிந்தால் உள் கிராஃபிக்ஸே கிடையாது. செகண்ட் ஹேண்டில் ஐ5-9400எஃப் மலிவாகக் கிடைப்பதன் ரகசியத்தில் இதுவும் ஒன்று. தனி கார்டு மாட்டியதும் பல போர்டுகள் உள் கிராஃபிக்ஸைத் தாமாகவே அணைத்துவிடும். பயாஸில் போய் ‘மல்டி மானிட்டர்’ என்ற அமைப்பைத் திறந்துவிட்டால், வீட்டிலேயே சும்மா கிடந்த டீகோடர் வேலைக்கு வரும்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: கச்சேரிக்கு 4:2:2 எதற்கு? மேடை அசையாது, விளக்கு மாறாது, பின்னால் ஸ்பான்சர் பேனர். கலர் கிரேடிங் என்று நாம் செய்வது முகத்தின் மஞ்சளைக் கொஞ்சம் குறைப்பது. அதற்கு 4:2:0 தாராளம். கேமரா மெனுவில் இருக்கிறது என்பதற்காக உச்சத்தில் வைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து மெஷினைத் திட்டுவது நியாயமில்லை.

4:2:2-ல்தான் வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டால் ப்ராக்ஸி இருக்கிறது. இரவில் போட்டுவிட்டுப் படுத்தால் காலையில் தயார். அதைக் கௌரவக் குறைச்சலாக நினைப்பவர்கள் கோடம்பாக்கத்தின் கதையை நினைத்துப்பார்க்கலாம். ‘மகாநதி’ (1994) காலத்தில் ஆவிட்டுக்கு மாறிய எடிட்டர்கள் குறைந்த தரப் படத்தை வைத்து வெட்டினார்கள். அந்த வெட்டுகளின் பட்டியலைக் கொண்டு பிறகு நெகடிவ் வெட்டப்பட்டது. நாம் இன்று ப்ராக்ஸி என்பது அதே வேலைமுறைதான்.

படத்துக்கென்று இரண்டாவது மெஷின் வாங்கியே ஆக வேண்டும் என்பவர்களுக்கு, ஓ.எம்.ஆர். கம்பெனிகள் கழித்துவிட்டு ரிச்சி தெருவுக்கு வரும் 8-ஆம் தலைமுறை ஆபீஸ் டெஸ்க்டாப்புகள் நல்ல வழி. ஐ5-8500 என்றால் ஆறு கோர், விண்டோஸ் 11 முறையாக ஏறும். ஒல்லிப் பெட்டியை மட்டும் தவிருங்கள்: குட்டைக் கார்டுதான் நுழையும், எஸ்எம்பிஎஸ்ஸும் அந்தக் கம்பெனிக்கே உரிய வடிவத்தில் இருக்கும், கெட்டால் அலைய வேண்டியதுதான்.

ஆக, ஒலிக்குப் போன பழைய மெஷினுக்கு இன்டர்நெட் கேபிள் வேண்டாம். வலையில் இல்லாத மெஷினுக்கு அக்டோபர் 13 ஒரு தேதி, அவ்வளவே. கோப்புகளை இரண்டு டிரைவில் எடுத்து, ஒன்றைத் தரைத்தளத்தில் இல்லாத வேறு வீட்டில் வையுங்கள். 2015 டிசம்பரில் அடையாறு பொங்கியதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த மெஷினுக்கு இன்னொரு பிழைப்பும் உண்டு. 2000-க்குப் பிந்தைய பத்தாண்டுகளின் கல்யாணங்களும் அரங்கேற்றங்களும் மினி டிவி டேப்பில் பீரோக்களில் கிடக்கின்றன. அவற்றைத் தரம் குறையாமல் எடுக்க ஃபயர்வயர் வேண்டும். ஆப்பிள் தன் மேக்ஓஎஸ் 26-ல் ஃபயர்வயரையே கைவிட்டுவிட்டது. புது போர்டுகளில் அந்த முனை கிடையாது, பழைய பிசிஐ கார்டு செருக இடமும் அபூர்வம். உங்கள் பழைய பெட்டியில் இரண்டும் இருக்கலாம். ஒரு மணி நேர டேப் சுமார் 13 ஜிபி ஆகும். விண்டோஸ் 10-ல் கேமரா தெரியவில்லையென்றால் மைக்ரோசாஃப்ட்டின் பழைய 1394 ‘லெகசி’ டிரைவரைப் போட்டுப் பாருங்கள். கட்டணத்தை மட்டும் டேப் கணக்கில் பேசாதீர்கள், மணிக் கணக்கில் பேசுங்கள்: எல்பி மோடில் எடுத்திருந்தால் 60 நிமிட டேப்பில் 90 நிமிடம் இருக்கும்.