வாணலியோடு ஓடிய இல்லத்தரசி

அடுப்பில் பால் பொங்குகிற நேரம் பார்த்துத்தான் வாசலில் கீரைக்காரி குரல் கொடுப்பாள். கரண்டியும் கையுமாக ஓடுவோமே, அந்த ஓட்டத்துக்கு ஓர் ஊரே விழா எடுக்கிறது என்றால் நம்புவீர்களா?

ஊர் பெயர் ஓல்னி. இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸ் நகருக்குப் பக்கத்தில், ஊஸ் நதிக்கரையில் இருக்கும் சின்னஞ்சிறு சந்தை ஊர். மில்டன் கீன்ஸில் தங்கியிருந்தபோது, ஒருநாள் நானும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

கிறிஸ்தவர்களின் தவக்காலம் பிறப்பதற்கு முதல் நாள், வீட்டிலுள்ள முட்டை, வெண்ணெயை எல்லாம் தீர்ப்பதற்காக 'பான்கேக்' சுடுவார்கள். நம்ம தோசைக்குத் தங்கச்சி! 1445-இல் ஒரு பெண்மணி அதைச் சுட்டுக்கொண்டிருக்கையில் கோயில் மணி அடித்துவிட்டதாம். ஐயோ, நேரமாச்சே என்று ஏப்ரனோடு, வாணலியோடு ஓடினாளாம். வழிவழியாகச் சொல்லும் கதை இது.

இன்றும் அந்த நாளில் ஊர்ப் பெண்கள் பாவாடை, ஏப்ரன், தலைக்குட்டையுடன், வாணலியில் பான்கேக்கோடு சந்தைச் சதுக்கத்திலிருந்து கோயில் வரை 415 கஜம் ஓடுகிறார்கள். ஓட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் அதைத் தூக்கிப்போட்டுப் பிடிக்க வேண்டும். உலகப் போரில் நின்றுபோன பந்தயத்தை 1948-இல் ஊர்ப் பாதிரியார் மீட்டார். 1950-இலிருந்து அமெரிக்காவின் லிபரல் என்ற ஊருடனும் போட்டி!

சதுக்கத்தில் கவிஞர் வில்லியம் கூப்பர் வாழ்ந்த வீடு 1900 முதல் மியூசியமாக இருக்கிறது. அடிமைக் கப்பல் தலைவராக இருந்து பாதிரியாரான ஜான் நியூட்டன், 'அமேசிங் கிரேஸ்' என்ற பாடலை 1773 புத்தாண்டு வழிபாட்டுக்காக இந்த ஊரில்தான் எழுதினார்.

ஆனால் என் மனசு நின்றது லேஸில்தான். இந்த ஊர்ப் பெண்கள் தலையணைமேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னிப் பிழைத்தார்கள். பணக்காரர் சட்டைக் கழுத்துக்கு அழகு. பின்னினவள் வீட்டில் பட்டினி. இந்த ஏழ்மையைக் கண்ணால் கண்ட கூப்பர், 1780-இல் அவர்களுக்காகப் பரிந்து கடிதம் எழுதினார்.

கவிஞருக்கும் பாதிரியாருக்கும் மியூசியம் உண்டு. லேஸ் பின்னினவர்களுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. வாணலியோடு ஓடினவளுக்கும் பெயரில்லை. ஆனாலும் வருஷத்தில் ஒரு நாள் ஊரே வீதியில் நின்று, அடுப்படி அவசரத்துக்குக் கைதட்டுகிறதே! நாளைக் காலையில் நீங்கள் கரண்டியோடு ஓடும்போது, என் கைதட்டலும் உங்களுக்கு உண்டு.