மண்ணுல எடுத்ததை மண்ணுக்கே திருப்பிக் கொடு!

விவசாயப் பெருமக்களே!

மீஞ்சூர், பொன்னேரி, சோழவரம் பக்கமிருந்து நெல்லும் கீரையும் காய்கறியும் தினம் பட்டணத்துக்குப் போகுது. திருவொற்றியூரிலும் ராயபுரத்திலும் தின்றது போக மிஞ்சிய காய்த்தோல், வாழை இலை, சோறு, மார்க்கெட் கழிவு எல்லாம் லாரியேறிக் கொடுங்கையூர் போகுது. 340 ஏக்கருக்கு மேல் பரந்த அந்தக் குப்பைமேட்டில் நம்ம மண்ணின் சத்து பிளாஸ்டிக்கோடு கலந்து அழுகுது, தீப்பிடித்தால் புகையாகுது. நாமோ சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டத்துக்குப் பட்டம் உர மூட்டைக்கு வரிசையில் நிற்கிறோம். பொட்டாஷ் முழுக்க வெளிநாட்டிலிருந்து கப்பலில் வருது. டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய்.

மண்ணில் எடுத்தது மண்ணுக்கே திரும்புவதைப் படித்தவர்கள் இப்போது 'சுழற்சிப் பொருளாதாரம்' என்கிறார்கள். நம்ம பாட்டன் அதுக்கு வைத்த பேரு எருக்குழி. "ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறு வருஷம்" என்று கணக்குப் போட்டு உழுதவர்கள் நாம். அந்தச் சுழற்சி அறுந்தது நம்ம வயலில் அல்ல, பட்டணத்தின் குப்பைத்தொட்டியில்.

முடியாத காரியமா இது? மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரைப் பல வருஷம் உறிஞ்சினார்கள். கடல் உப்பு உள்ளே புகுந்தது. 2019-ல் கொடுங்கையூரில் சாக்கடை நீரைச் சுத்திகரித்து, நாளுக்கு 4.5 கோடி லிட்டரை மணலி ஆலைகளுக்குக் கொடுக்க நிலையம் திறந்தார்கள். ஆலைக்குச் சாக்கடையே திரும்பி வருது. வயலுக்கு எரு மட்டும் திரும்பி வராதா?

சட்டமும் சும்மா இல்லை. 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு விதிகளில், ரசாயன உரம் 6, 7 மூட்டைக்கு நகரக் குப்பை உரம் 3, 4 மூட்டை என்று கம்பெனிகளை விற்க வைக்கணும்னு எழுதினார்கள். டன்னுக்கு 1,500 ரூபாய் உதவியும் அதே வருஷம் அறிவித்தார்கள். உங்க களத்துமேட்டுக்கு எத்தனை மூட்டை வந்தது? எண்ணிச் சொல்லுங்கள்!

கணக்கையும் மறைக்காமல் பேசுவோம். ஒரு டன் குப்பை உரத்தில் தழைச்சத்து 10 கிலோ இருந்தாலே நல்ல உரம். 45 கிலோ யூரியா மூட்டையில் 20 கிலோ இருக்கு. ஒரு மூட்டைக்கு ஈடாக 2 டன் ஏற்றி வரணும். மானியத்தால் யூரியா 270 ரூபாய்க்குள் கிடைக்கும்போது, லாரி வாடகை கொடுத்து யார் எரு வாங்குவான்? ஆனால் எருவின் வேலை வேறே. அது மண்ணைப் பொலபொலப்பாக்கும், ஈரம் பிடிக்கும், போட்ட யூரியா வீணாகாமல் நிறுத்தும். உப்பேறிய நிலத்தில் மழைநீர் இறங்கி உப்பைக் கழுவ வழி செய்யும். இந்த வேலைக்கு மானியம் கேட்பது பிச்சை அல்ல, நம்ம பங்கு.

ஆனால் ஒன்று. எரு என்ற பேரில் எதையும் கொட்ட விடமாட்டோம். உரக் கட்டுப்பாட்டு ஆணைப்படி ஒரு கிலோ குப்பை உரத்தில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. பழைய குப்பைமேட்டைத் தோண்டிச் சலித்த மண்ணும், அனல்மின் நிலையச் சாம்பலும், ஆலைச் சேறும் எரு ஆகாது. ஒருமுறை ஏறிய ஈயம் நம்ம பேரன் காலத்திலும் இறங்காது.

குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து 2025 மே மாதம் வடசென்னை மக்கள் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அவர்களுக்கு அது மூச்சுப் பிரச்சினை, நமக்கு எருப் பிரச்சினை. ஈரக் குப்பையை எரிப்பது நம்ம எருவை எரிப்பது. ரெண்டு பேரும் சேர்ந்து நிற்கணும்.

நம் கோரிக்கைகள்:

1. வீட்டிலேயே மக்கும் குப்பையைத் தனியே வாங்கு. காசிமேட்டு மீன் கழிவையும் மார்க்கெட் கழிவையும் பிளாஸ்டிக் கலக்காமல் உரமாக்கு.

2. ஒவ்வொரு லோடுக்கும் பரிசோதனைச் சீட்டு கொடு.

3. லாரி வாடகையை அரசு ஏற்று, கூட்டுறவுச் சங்கம் வழியாக ஊருக்கே கொண்டு வா.

4. யூரியாவோடு கட்டாய இணைப்பாக எதையும் தலையில் கட்டாதே, வேண்டியவன் வாங்கட்டும்.

அடுத்த விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது மனுவோடு வாருங்கள். ஒரு பிடி மண்ணையும் கொண்டு வாருங்கள். மேஜைமேல் வைத்துக் கேட்போம்.

எருவை எரிக்காதே! சாம்பலைக் கொட்டாதே! மண்ணின் பங்கை மண்ணுக்குக் கொடு!